வெள்ளைக்கு நாற்பது டாலர்

ஹாமில்டனில், ஜனவரியில், ஐந்து மணிக்கே இருட்டு.
பார்ட்டன் தெருக் கடையை அடைக்கப் போகையில்
காலணிப் பனியை உதறிக்கொண்டு வந்தார் ஹவ்ரிலுக்,
முப்பத்தொரு வருடம் எஃகாலையில்
கொதிக்கும் தகட்டை உருளைக்குள் விட்டவர்.
செய்தித்தாள் மடிப்புக்குள் ஒரு காகிதம்.
யாரோ இறந்த வீட்டுச் சாமான் விற்பனையில்
பதினொரு டாலர்.

நாய்.
தூங்குகிறது என்றுதான் நினைக்கிறேன்.
முதுகு ஒரே இழுப்பு, மூக்கிலிருந்து வால்வரை.
மடக்கிய முன்காலுக்கு இரண்டு.
எண்ணினேன், மொத்தம் ஏழு மைக்கோடுகள்.
கண் இல்லை. ஒரு காதும் இல்லை.
மூலையில் 1912. கையெழுத்தை ஈரம் தின்றுவிட்டது.

"முடித்த படமா இது,
இல்லை பாதியில் சாப்பிடப் போன ஆளா?"

விளக்குமேசையில் விரித்தேன்.
காகிதத்துக்குள்ளிருந்து எழுந்து வந்தன
அழித்த பென்சில் தடங்கள்:
விலா எலும்பு, கழுத்துப்பட்டை,
முடி முடியாக வால்,
கீழே ஒரு கம்பளம்கூட, பூ வேலையோடு.
எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துத்தான்
எடுத்திருக்கிறது அந்தக் கை.
ரப்பர் தேய்த்துத் தேய்த்து
வயிற்றருகே காகிதம் பஞ்சு விட்டிருந்தது.
விரல் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது.

அந்தக் காலம் அப்படி.
எதை வரையாமல் விடலாம் என்று
ஓவியர்கள் ஒருவரையொருவர் முந்திய காலம்.
படித்திருக்கிறேன்.
ஒரு நாயின் வயிற்றில் அதைத் தொட்டதில்லை.

அவர் கையில் தயார்ச் சட்டம், எட்டுக்குப் பத்து.
"இடப்பக்கம் சும்மாதானே கிடக்கிறது, மறைத்துவிடு."
அட்டையை வைத்துக் காட்டினேன்.
நாய் விழித்துக்கொண்டது,
சங்கிலி போட்ட மாதிரி.
நகர்த்தினேன். மூச்சு விட்டது.
மறுபடி வைத்தேன்.
இம்முறை அவரும் குனிந்து பார்த்தார்.

"பெரிய சட்டம்?"
"நாற்பது கூட."
"வெறும் வெள்ளைக்கா?"
"வெள்ளைக்குத்தான்."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று
எங்களிடம் ஒன்று உண்டு.
ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நாய்க்கு முன்பே
சொல் கிடைக்காமல் நிறுத்திவிட்டேன்.
அவர் தலையாட்டினார்,
மீதியும் கேட்டுவிட்டதுபோல.

பிறகு பணத்தாள்களை எச்சில் தொட்டு எண்ணினார்.
ரசீதில் பொருள் விவரம் என்றொரு கட்டம்.
'நாய், ஒன்று' என்று எழுதினேன்.
படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.
கதவைத் திறந்து, குளிரை உள்ளே விட்டபடி,
"ஆணியை மெதுவாக அடி" என்றார்.