நாற்பத்தேழு ஓம்

விளக்கு எரியவே இல்லை என்று
சாதித்தான் இதெல்.
பத்தாவது சுற்றில், கடலைப் பார்த்த வளைவில்,
வண்டி இருமியது, தும்மியது, செத்தது.
கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

எரிந்திருக்கிறது.
ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு கருகிப்போய்
மூன்று சுற்றாவது எரிந்திருக்கும், மங்கலாக.
ஆங்கிள்சி தீவில் மாலை நாலு மணிக்கு
அயர்லாந்துப் பக்கமிருந்து வெயில்
முன்கண்ணாடிக்குள் நேராக நுழையும்.
அறுபத்தாறில் செய்த டாஷ்போர்டு.
அதில் குன்றிமணி அளவு சிவப்பு.
என் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துக் காட்டினேன்:
இருந்தது.
கையை எடுத்தேன்:
இல்லை.
"அப்போ எரியலை," என்றான்.

பல் மருத்துவன்.
வலிக்கிறவரைக்கும் வராதவர்களைத்
திட்டியே சம்பாதிக்கிறவன்.

நான் கப்பல் மின்பணிக்காரி.
ஹோலிஹெட் துறைமுகத்தில்
எங்கள் எச்சரிக்கை விளக்குகள் முட்டை அளவு,
கூடவே ஊளையும் இடும்.
அவ்வளவு வேண்டாம் என்று
கோலிக்குண்டு அளவில் ஒரு எல்.இ.டி. வாங்கினேன்.
சனிக்கிழமை, ஷெட்டின் தகரத்தில் மழை,
பழைய பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
புதியதை மாட்டினேன்.
சாவியைத் திருப்பியதும்
ஸ்டியரிங், கியர், இதெலின் மூக்கு
எல்லாம் சிவந்தன.
"இதுதான் விளக்கு, மெரெரித்!" என்று கத்தினான்.

இன்ஜின் ஓடியது.
விளக்கு அணையவில்லை.

மீட்டரில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
பிறகு பன்னிரண்டு புள்ளி ஒன்று.
பெல்ட்டை அமுக்கிப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது.
எர்த் கம்பியைச் சுரண்டினேன்.
போன வாரம்தான் மாற்றிய ஆல்டர்னேட்டரை
அதன் அம்மா வரைக்கும் திட்டினேன்.
இதெல் சிப்ஸ் வாங்கப் போனான்,
வாங்கி வந்தான்,
எனக்கு உப்பில்லாமல்.

குனிந்தபோது தொடையில் குத்தியது
பையில் கிடந்த பழைய பல்பு.

அட.
நீ சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

உன் மயிரிழை வழியாகத்தான்
பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் இறங்கி
உறங்கும் சுருளைத் தட்டும்.
இரும்பு தான் காந்தம் என்பதை அறிந்து எழும்.
எழுந்தபின் இரண்டு பக்கமும் சம அழுத்தம்,
உனக்குள் ஓட ஒன்றுமில்லை.
நீ அணைவாய்.
அணைந்தாய் என்றால் எழுப்பிவிட்டாய்.
இவ்வளவு நாளும்
உன்னை மங்கல் என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

புதியது வெளிச்சக்காரன், ஆனால் கஞ்சன்,
துளிதான் விடுவான்.
ஊரைக் கூட்டத் தெரியும்,
உலை மூட்டத் தெரியாது.

டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன்.
நாற்பத்தேழு ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டர்,
தேங்காய்ப் பத்தை போல வெள்ளையாக,
முகமே இல்லாத ஒரு பொருள்.
விளக்குக்குப் பக்கத்தில் இணையாக வைத்துப்
பற்றவைத்தேன்.
சிவப்பு. ஸ்டார்ட்டர். உறுமல்.
இருட்டு.
பதினாலு புள்ளி இரண்டு.
"என்ன செஞ்சே?" என்றான் வாய் நிறைய.
"பக்கத்துல ஒரு வழி விட்டேன்."
அவன் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் அதே வளைவு, அதே வெயில்.
ஏழாவது சுற்றில்
கையை வெளியே நீட்டியபடி உள்ளே திரும்பினான்.
பானெட்டைத் திறந்தால் பெல்ட் இல்லை,
நார் நாராக மின்விசிறியில் சுற்றியிருந்தது.
தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில்தான் என்றேன்.
இன்னொரு சுற்று போயிருந்தால்
இன்ஜினை அள்ளித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்றேன்.

"நாலாவது இடத்துல இருந்தேன்," என்றான்.
பிறகு, "கண்ணைக் குத்துது அது."
பையிலிருந்து மருத்துவமனை பிளாஸ்திரியை எடுத்து
விளக்கின் பாதியை மூடி
நகத்தால் அழுத்தித் தேய்த்தான்.

நான் தடுக்கவில்லை.
சாவியை மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.
பிளாஸ்திரியின் துளைகள் வழியே கூட
குன்றிமணியைவிடப் பெரிதாகவே இருந்தது.