பத்தி

திலகேஸ்வரி வீட்டு முன்பத்தியைக்
கட்டினவன் நான்.
இடிக்கவும் என்னைத்தான் கேட்டாள்.

விசுவமடுச் சந்திக்குக் கிழக்கே
வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு.
இரண்டு அறை, ஒரு குசினி, மூன்று பிள்ளைகள்,
லீசிங்கில் எடுத்த மிளகாய் மெசின் ஒன்று.
மெசினுக்கு ஒரு பத்தி இறக்க வேணும் என்றாள்.
"அனுமதி எடுத்தாச்சோ?"
"வீடு தந்தவை தந்திட்டினம்தானே."
அது வேறை அனுமதி என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
அந்த மாதம் எனக்கு வேறு வேலையும் இல்லை.

நூல் பிடித்தேன், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன்,
ஒரு நூலளவும் பிசகவில்லை.
வீதியின் நடுக்கோடு எங்கே போகிறதென்று
குண்டுக்குத் தெரியாது.

பதினாலு மாதம் கழித்துப் பதிவுத் தபால்.
மிளகாய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
வாசியுங்கோ என்று நீட்டினாள்.
'அங்கீகாரமின்றி நிர்மாணிக்கப்பட்ட மேலதிகக் கட்டுமானம்.'
"எங்கட பத்திக்கு இவ்வளவு நீட்டுப் பேரோ!"
என்று ஒருதரம் சிரித்தாள்.
கீழே, 'மேற்படி மூன்றாம் பத்தியிற் கூறியவாறு' என்றிருந்தது.
அந்தப் பத்தி
எவருடைய கோட்டுக்குள்ளும் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை.

மொட்டைக் கடிதம் போட்டது யாரென்று ஊருக்குத் தெரியும்.
அவரும் தூள் திரிக்க
அவளிடம்தான் குடுக்கிறவர்.

அளக்க வந்த உத்தியோகத்தன் சின்னப் பெடியன்.
ரேப்பின் மற்ற முனையைப் பிடிக்க ஆளில்லை.
"அண்ணை, ஒருக்கால் பிடியுங்கோ."
பிடித்தேன்.
நாலு அடி ஒன்பது அங்குலம் உள்ளே.
கட்டிக் கொடுத்த கையாலேயே
அளந்தும் கொடுத்தேன்.
பிளேன்ரியில் பாதி குடித்தான்,
மீதியைச் சுவர்க்கட்டில் வைத்துவிட்டுப் போனான்.

முல்லைத்தீவில் நாலு தவணை.
போகிற நாள் எல்லாம் மெசின் பூட்டு.
பின்பக்கம் என்றால் படம் கீறி, தண்டமும் கட்டி
எப்படியும் எடுத்திருக்கலாமாம்,
சட்டத்தரணி சொன்னார்.
"பின்னுக்கு மில் போட்டால் ஆர் அம்மா வருவினம்?"
என்று அவரைத் திருப்பிக் கேட்டவள் இவள்.
கோட்ஸ் விறாந்தையில் என்னிடம் மெதுவாக:
"முந்தி இதே காணியில் நிண்ட வீடு போனதுக்கு
ஒரு துண்டுக் கடிதம் வரேல்லை.
இதுக்கு மூண்டு வந்திருக்கு."
நான் பஸ் நேரத்தைப் பார்த்தேன்.

குற்றப்பணம் ஒருதரம்.
குறித்த திகதிக்குள் அகற்றாவிட்டால்
பிறகு நாளுக்கு நாள்.
வட்டிக்காரன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான்,
இது ஞாயிறிலும் ஏறும்.

"சபை பெக்கோ கொண்டுவந்தால் வீட்டுச்சுவரும் வெடிக்கும்,
பில்லும் எனக்குத்தான் வரும்.
நீங்கள் வாங்கோ.
எங்கை பலம் எண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

பலம் எங்கே என்று தெரியும்.
பலமில்லாத இடமும் தெரியும்.
எட்டாம் வரியில் சீமெந்து முடிந்துபோய்
ஆறுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்றானது.
முதல் அடியை அங்கே போட்டேன்.
மண்ணாய்ச் சரிந்தது.
"இவ்வளவு லேசோ?" என்றாள்.
சீற்றைக் கழற்றுகிறவனைப் போல
மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லிடுக்கெல்லாம் பதினாலு மாதத் தூள்.
ஒவ்வொரு அடிக்கும் சிவப்பாய் எழும்பியது.
அவள் தும்மினாள், பிள்ளைகள் தும்மின,
அகற்றியாயிற்று என்று கையெழுத்து வைக்க வந்த பெடியனும்
லேஞ்சியால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றான்.
எல்லோருக்கும் கண்ணால் நீர்.
அதில் எது எதுவென்று பிரித்தறிய
அன்று ஒருவராலும் முடியாது.

இருநூற்றுப் பன்னிரண்டு கல் உடையாமல் மிஞ்சின.
எண்ணியது அவள்தான்.
அடுக்கி முடித்து, குழாயில் முகம் கழுவி வந்து
பெடியனிடம் கேட்டாள்:
"தம்பி, பின்பக்கம் எண்டால்
வேலியிலையிருந்து எத்தினை அடி விட வேணும்?"

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு
ரேப்பை இழுத்தான்.
கேட்க முதலே
மற்ற முனையை நான் பிடித்தேன்.