கழுவாத பஞ்சு

அன்னதானப்பட்டி வீட்டுப் பின்புறத் தொட்டியில்
ஆறு கோய் மீன்கள்.
தண்ணீர் பாசிப் பச்சை.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்
விளக்கு வைத்த ஃபில்டரைக் காட்டினார்.
பன்னிரண்டாயிரம்.
"கண்ணாடியா ஆயிடும் சார்."
விலைச்சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

ஜவ்வரிசி ஆலை கழித்த நீல டிரம்மில்
ஜல்லி, பழைய கொசுவலை, மேலே பஞ்சு.
மோட்டார் முனகி முனகி
ஆறாம் வாரம் தெளிந்தது.

எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.
பழுப்பேறிய பஞ்சைக் குழாயடியில்,
குளோரின் நெடியடிக்கும் மேட்டூர்த் தண்ணீரில்
வெளுக்க வெளுக்கக் கசக்கினேன்.

நான்காம் நாள்
இரண்டு மீன்கள் மேலே வந்து
காற்றைக் குடித்தன.
ஒன்று திரும்பக் கீழே போகவில்லை.

"அழுக்கையா கழுவுனீங்க?
அதுலதானே அவங்க குடியிருந்தாங்க"
என்றான் மீன்தீனி விற்கும் பொன்னரங்கன்,
கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு
வாடகை வசூலிப்பவன் போல.

இப்போது தொட்டி நீரிலேயே
மெதுவாக ஒரு முக்கு, அவ்வளவுதான்.
கோகிலவாணி மூக்கைச் சுளிக்கிறாள்:
"இதைப் போய் ஃபில்டர்னு சொல்றீங்க."

தண்ணீருக்குள் பார்க்கச் சொல்கிறேன்.
எப்போதோ மகள் போட்ட ஒற்றை ரூபாய்
அடியில் கிடக்கிறது.
வருடத்தைப் படிக்கிறாள்,
ஐந்து மீன்கள் குறுக்கே போகப் போக,
விட்டு விட்டு.