ஓரங்குலம்

பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
மூன்றாவது நாளாக ஒரே ஆளை அடித்துக்கொண்டிருக்கிறேன்.
பெயர் கேட்டேன். இர்ஃபான், கிச்சிப்பாளையம்.
ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால்
"சார், இடது பக்கம் பல்லு கட்டியிருக்கேன்" என்கிறான்.
கவனமாக வலது பக்கம் குத்துகிறேன்,
காற்றில்.
சத்தத்தைப் பிறகு சென்னையில் சேர்ப்பார்கள்.

பாறையிலிருந்து விழுவது நானில்லை.
என் சட்டையை, என் விக்கை, என் நடையைப் போட்டுக்கொண்டு
குணசீலன் விழுகிறான்.
சில்வர் ஓக்கில் கட்டிய ரோப் நேற்று வழுக்கி
மிளகுக் கொடியோடு பத்தடி இறங்கினான்.
எழுந்ததும் முதலில் கேட்டது
"ஃபிரேம்ல இருந்தேனா மாஸ்டர்?"
முன்பொருமுறை அவன் முழங்கால் போனபோது
பத்திரிகையில் வந்தது என் முழங்கால்.
விசாரித்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன்.

கதை சொல்ல வருபவர்களிடம்
நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை ஃபைட்?
டாக்டராக நடித்தேன், ஆறு.
வாத்தியாராக நடித்தேன், எட்டு.
கண் தெரியாதவனாக ஒன்று,
அதில்தான் அதிகம்.

பதினொன்றரைக்கு, இறங்கி வந்த பேருந்தை மறித்து வைத்தோம்.
அதன் பின்னால் ஜீப்புகள், பலா ஏற்றிய டெம்போ.
குரங்குகள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன.
ஒரு பெண் இறங்கி நேரே என்னிடம் வந்தாள்,
தோளில் காய்ச்சல் பிள்ளை, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.
பவுன்சர்களை எப்படித் தாண்டினாளோ.
"நாப்பது பேர அடிக்கிற ஆளுக்கு
நாலடி தள்ளி நிக்கத் தெரியாதா?"

இந்த மாதிரி இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு வசனம் இருக்கும்.
இல்லை.
யாரும் கட் சொல்லவும் இல்லை.
எங்கே போவதென்று தெரியாமல் என் கை
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.
பேருந்து போனது. கடைசி ஜன்னலில் ஒரு பையன்
என்னைப் பார்த்து முஷ்டியைக் காட்டினான்,
அன்போடுதான்.

அறையில் இரண்டு கதைகள் கிடக்கின்றன.
ஒன்று தடிமன். நாற்பத்திரண்டு சாவு, எண்ணிவிட்டேன்,
இடைவேளைக்குள் பத்தொன்பது.
அட்வான்ஸ் வந்து, அஸ்தம்பட்டி வீட்டுக் கடனுக்குப்
போயும்விட்டது.
மற்றது சித்தேஸ்வரன் கொடுத்தது.
கொண்டலாம்பட்டிக்காரர், முதல் படம்,
ஸ்டேப்ளர் முள் துருப்பிடித்திருக்கிறது.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் ஒரு எடைமேடை எழுத்தர்.
அறுபத்தேழாம் பக்கத்தில் லாரி முதலாளி அவரை அறைகிறான்.
பக்கத்தைப் புரட்டினேன், திருப்பி அடிக்கவில்லை.
எழுபது, எண்பது, தொண்ணூறு. அடிக்கவில்லை.
அறை வாங்கிய கையோடு
அடுத்த லாரியின் எடையைக்
கிலோ பிசகாமல் எழுதுகிறார்.

போன் போட்டேன்.
இந்த அறை இடைவேளைக்கு முன்னாலா, பின்னாலா?
"இடைவேளையே இல்லீங்க" என்றார் சித்தேஸ்வரன்.
பின்னால் தறி ஓடும் சத்தத்தில்
அதை இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது.

ராத்திரி குணசீலனைக் கூப்பிட்டு
என்னை ஒருதரம் அறையச் சொன்னேன்.
சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
"அண்ணே, இருபத்தாறு வருஷமா
உங்க அடிய நான் வாங்கறேன்.
குடுத்துப் பழக்கமில்ல."
விடவில்லை நான்.
கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வீசினான்.
கன்னத்துக்கு ஓரங்குலம் முன்னால்
காற்று கடந்து போனது. தொழில் சுத்தம்.
என் தலை தானாகத் திரும்பியது.
உதட்டோரத்து இல்லாத ரத்தத்தைத் துடைக்கக்
கட்டைவிரல் தானாக எழுந்தது.
கண்ணில் அந்தப் பார்வை,
நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்த பார்வை.

"பாத்தீங்களா" என்றான்.

ஜன்னலுக்குக் கீழே, வெகு கீழே, சேலம்
விளக்கைப் போட்டுக்கொண்டு கிடந்தது.
கதவைச் சாத்தினேன்.
அந்த ஓரங்குலத்தை எடுத்துவிடு என்றேன்.

கையைப் பாதி தூக்கியபடி
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.