வாலில் மூன்று

ஹஷூரி நிலையத்தின் கடைசித் தடத்தில்
ஓர் எண்ணெய்த் தொட்டி வண்டி
ஆறு வருடமாய் நின்றது.
வயிற்றில் வெள்ளைப் பெயின்ட்டில் எட்டு இலக்கம்:
73939133.
எந்தப் பேரேட்டிலும் அது இல்லை.
எந்த எஞ்சினும் அதைத் தேடி வரவில்லை.

நான் பெட்டி கழற்றுகிறவன்.
கொக்கி தெரியும், பிரேக் குழாய் தெரியும். கணக்கு வராது.
லமாராவுக்கு வரும். சரக்கு அலுவலகத்தில் எழுத்தர்.
இரவுக்கு ஒரு மணி நேரம் மட்டும் மின்சாரம் வந்துபோன அந்தக் குளிர்காலத்தில்
பழைய சரக்குச் சீட்டுகளின் முதுகில்
அந்த எண்ணை வகுக்கத் தொடங்கினாள்.
எதற்கு என்றேன்.
"ரொட்டி வரிசையைவிட இது வேகமாய் நகர்கிறது."

ஏழால் வகுத்தாள், இரண்டு மிஞ்சியது.
பதின்மூன்றால், எட்டு.
மெழுகுவர்த்தி தீர்ந்தால் சிக்னல் விளக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.
சீட்டெல்லாம் சிவப்பாய்த் தெரியும்.
மார்ச்சில் கூரைப் பனி சரிந்த வாரம்
8597-க்கு வந்து சேர்ந்தாள்.
எட்டாயிரத்து அறுநூறு தடவை போய்
4933 மிச்சம்.
அதற்கு மேல் போக வேண்டாமாம்.
பெரியவன் ஒருவன் வகுத்தால்
அவன் கூட்டாளி சின்னவன் முன்பே அகப்பட்டிருப்பானாம்.

"பகா எண்" என்றாள்.
எனக்கு வீட்டில் ஒரு ரொட்டியும் ஐந்து தட்டும் ஞாபகம் வந்தன.
என் முகத்தைப் பார்த்துவிட்டு,
"ஜெமால், உன் பாஷையில் சொல்கிறேன். வாலிலிருந்து கழற்று."

73939133
7393913
739391
73939
7393
739
73
7

ஒவ்வொரு பெட்டியாய்க் கழற்றியும்
மிஞ்சிய ரயில் உடையவில்லை.
கடைசியில் எஞ்சின் மட்டும், ஏழு,
தண்டவாளத்தில் தனியாய். அதுவும் பகா.
இருபத்திரண்டு வருடத்தில்
இப்படியொரு ரயிலை நான் கழற்றியதில்லை.

"மாட்டிப் பார்த்தாயா?" என்றேன்.
பார்த்திருந்தாள்.
இரட்டைப்படையும் ஐந்தும் வாசலிலேயே போயின.
ஒன்றையும் ஏழையும் மூன்று தின்றது.
மூன்றும் ஒன்பதும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து உடைந்தன.
வாலில் இனி எதுவும் ஒட்டாது.
தடம் அங்கே முடிகிறது.

மே மாதம் திபிலீசியிலிருந்து ஆய்வாளர் வந்தார்.
முதல் ஏழு இலக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்தார்,
வந்த இலக்கங்களைக் கூட்டினார். முப்பத்தாறு.
நாற்பதுக்கு நான்கு குறை.
"எட்டாவது இலக்கம் நான்கு.
பெயின்ட் அடித்தவன் குடித்திருக்கிறான்."
73939134 பேரேட்டில் இருந்தது,
பத்தூமியில், 'காணவில்லை' என்ற பத்தியில்.

லமாரா பென்சிலைத் தொடவில்லை.
இரண்டால் போகும். மூன்றால் போகும்.
"நல்ல வண்டி" என்றாள், "எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்."
சீட்டுக் கட்டை மேசைக்கடியில் தள்ளினாள்.
அன்று தேநீருக்கு வரவில்லை.

பிரஷ் என் கைக்கு வந்தது.
தொட்டி வண்டிக்கு இரண்டு பக்கம்,
இரண்டிலும் எண்.
ஆய்வாளர் நின்ற பக்கம்
மூன்றின் மேல் கறுப்பு அடித்து
நான்கு எழுதினேன், கோணல்தான், செல்லும்.
லமாராவின் ஜன்னல் மறுபக்கம்.
அங்கே போவதற்குள் டப்பா காலி
என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.

விடியலில் வண்டி சுராமி ஏற்றத்தை நோக்கிப் போனது,
ஆறு வருடத் துரு முனக.
நிலையத்துக்கு நான்கைக் காட்டிக்கொண்டே போய்
வளைவில் வால் திரும்பியபோது
மூன்று தெரிந்தது.