ஏதேனும் ஒரு பட்டம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
பகலிலும் டியூப்லைட் எரியும் கடை என்னுடையது.
முழுதாக என்னுடையது என்று சொல்ல முடியாது.
மெஷின் தவணையில், அறை வாடகையில்,
கழுத்துவலி மட்டும் சொந்தம்.

மேல்மாடியில் ஒரு முதலீட்டு நிறுவனம்.
அந்தப் படிக்கட்டில் ஏறுமுன்
எவரும் என்னிடம் வந்தாக வேண்டும்.
கதவில் ஒட்டியிருக்கும் தாளை அடித்துக் கொடுத்ததும் நான்தான்:
ஏதேனும் ஒரு பட்டம்.
வணிகவியல் என்றால் நல்லது.
எம்.பி.ஏ. என்றால் இன்னும் நல்லது.
சான்றிதழ்த் தேர்வு கட்டாயம்.
இருசக்கர வாகனம் கட்டாயம்.
இரண்டு கட்டாயத்தையும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்கள்.

கருங்கலிலிருந்து பி.காம். வரும்.
பி.இ. எல்லா ஊரிலிருந்தும் வரும்,
ஒரு நாளைக்கு ஆறேழு.
தூத்தூரிலிருந்து அஜின் வந்தான்,
கணிதத்தில் முதுகலை, தொண்ணூற்றொரு சதவீதம்.
போனவன் கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டான்.
“கணக்கு அறிஞ்சா போராதாம் அக்கா,
கணக்குப் பண்ண அறியணுமாம்.”
சிரித்தான். மிச்ச நகல்களை
என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

கண்ணாடியில் கவிழ்த்துவிட்டால்
வெளிச்சம் ஒருமுறை போய்வரும்,
சூடாக ஒரு தாள் விழும்.
யாருடைய அசல் என்று மெஷின் கேட்பதில்லை.
நானும் கேட்பதில்லை, பார்ப்பேன்.
இயற்பியலில் விழுந்து எழுந்தவர்கள்,
ஒரே அரியரை நான்காம் முறை வென்றவர்கள்,
அப்பா பெயரில் விழுந்த எழுத்துப்பிழையை
அஃபிடவிட்டோடு சுமப்பவர்கள்.

தேர்வுப் புத்தகத்தையும் கொண்டு வருவார்கள்.
கோணலாய் விழுந்த பக்கம், மங்கிய பக்கம்,
நடுவில் சிக்கி மடங்கிய பக்கம்
எதையும் நான் எறியவில்லை.
ஒன்றரை வருஷத்தில் அது ஒரு புத்தகமாயிற்று.
ஒன்பதாம் பக்கம் மூன்று உண்டு.
நாற்பத்தொன்று கிடைக்கவே இல்லை.
அபாயம் பற்றிய அத்தியாயம்
டோனர் தீர்ந்த அன்று வந்தது,
பாதிக்கு மேல் வெள்ளை.

பரவாயில்லை, அந்தப் பாதி எனக்குத் தெரியும்.
களியக்காவிளையில் ஒரு சீட்டுக் கம்பெனி
ஷட்டரை இறக்கிவிட்டுப் போன வருஷம்
என் பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்றது.
பிறகு தபாலில் வரலாறு படித்தேன்,
கடை மூடிய பிறகு, கொசுவத்திப் புகையில்.
ஏதேனும் ஒரு பட்டம்.
அந்த ‘ஏதேனும்’ நான்தான் என்று
அடிக்கும்போது தெரியாது.

போன செவ்வாய், கரண்ட் போய் வந்த மழையில்
தாணு சார் இறங்கி வந்தார், கிளை மேலாளர்.
தலைமை அலுவலகம் எல்லோர் சான்றிதழையும்
மறுபடி கேட்கிறதாம்.
குடையை மடக்காமலே கவரை நீட்டினார்.
விலங்கியல், தேர்டு கிளாஸ்.
கட்டாயத் தேர்வு காலாவதியாகி நாலு மாதம்.
வெளிச்சம் அவர் பெயரின் அடியில் போய்வந்தது.
“ரெண்டு காப்பி போதும், கில்டா.
பிறகு... அந்தத் தேர்வுப் புத்தகம்
யாராவது விட்டுட்டுப் போயிருந்தா?”

கட்டை எடுக்கக் கை போனது.
நின்றது.
பிறகு போனது.
நூற்றி எண்பத்தாறு தாள், தாளுக்கு இரண்டு ரூபாய்.
நாற்பத்தொன்று இல்லை சார் என்று சொன்னேன்.
வெள்ளைத் தாள்களையும் விடாமல் நகல் எடுத்தேன்,
அதற்கும் காசு வாங்கினேன்.

தேர்வு நாகர்கோவிலில், பதினான்காம் தேதி காலை.
நானும் அன்றுதான் எழுதுகிறேன் என்று சொல்லவில்லை.
ஏழரை பஸ்ஸில் அவரும் ஏறினால் ஏறட்டும்.
ஜன்னலோரம்
எனக்கு.