ஓஸ்லோவில் பொங்காத மாவு

புதுவயல் ஆலையில் கடைசி லாரியும் போயாயிற்று.
தவிடு படிந்த மடிக்கணினியில்
உமையாள் ஓஸ்லோவைப் படிக்கிறாள்.

போட்டிக்காரன் இட்லி அரிசிக்கு ஒற்றை நட்சத்திரம்:
"மூன்று நாளாகியும் மாவு பொங்கலை."
அடுத்ததும் அதே. அதற்கடுத்தது
ஒரு கெட்ட வார்த்தையோடு.

சுங்கம், கப்பல் கூலி, திரும்பி வரும் பைகள்
எல்லாம் கழித்துக்
கிலோவுக்கு முப்பது ரூபாய் நிற்கிறது.
"அனுப்பிடலாம் ஆச்சி" என்கிறார் கணக்கர் சொக்கலிங்கம்.

கணக்கில் குளிர் இல்லையே.

தன் அரிசியை அரைத்து
ஏசியைப் பதினாறில் வைத்து
அறையைப் பூட்டினாள்.
வெளியே சித்திரை, நள்ளிரவிலும் முப்பத்திரண்டு.

விடிந்து திறந்தால்
வைத்த கோட்டிலேயே கிடக்கிறது மாவு.

பேரேட்டில் எழுதினாள்:
நார்வே. ஜனவரியில் வேண்டாம்.
ஜூலையில் பத்து கிலோ மட்டும்,
கூடவே ஒரு சீட்டு:
பாத்திரத்தைப் போர்வையில் சுற்றவும்.